தகுதியும் தவக்குலும்

உயிருக்கு அஞ்சி மிஸ்ரு நாட்டை விட்டு வெளியேறிய நபி மூஸா (அலை) அவர்கள், மத்யன் நகரத்து நீர்த்துறையை வந்தடைந்தபோது அவர்களுக்கு உணவில்லை, உறைவிடமில்லை, பரிந்துரை சொல்ல ஒருவருமில்லை. ஆயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு தம் மந்தைகளுக்கு நீர் புகட்டிக்கொண்டிருக்க, இரு பெண்கள் மட்டும் தம் ஆடுகளைத் தடுத்து நிறுத்தியவாறு ஒதுங்கி நின்றார்கள். மூஸா (அலை) அவர்கள் காரணம் கேட்டறிந்து, முதிய தந்தையின் மக்களாகிய அவ்விருவருக்காகவும் தாமே சென்று அந்த ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள். அதன் பின்னரே நிழலில் ஒதுங்கி, இறைவன் அருளும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவர் என்று இறைஞ்சினார்கள். அந்த நிழலில் இருந்தபோதே அழைப்பு வந்தது. எட்டாண்டுக்கால வேலையும் கிடைத்தது.

திருமறையின் கஸஸ் அத்தியாயம் கூறும் இந்நிகழ்ச்சியின் வரிசையை நாம் உற்று நோக்க வேண்டும். முதலில் உழைப்பு, அடுத்து துஆ, அதற்கடுத்து வேலை. இவ்வரிசையை மாற்றி, முதலில் வேலை, அதற்காகத் துஆ, உழைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகின்ற மனப்போக்கு நம் இளைஞர்களிடையே பரவி வருகிறது. நேர்முகத் தேர்வுகளில் கையில் தொழிலைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லும் இக்காலத்தில், அம்மனப்போக்கு அவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஜும்ஆ நாளாகிய இன்று இதனைச் சிறிது சிந்திப்பது பொருத்தமாகும்.

வேலைக்கு இரு தகுதிகள்

மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுமாறு தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணி, வேலைக்கு அமர்த்தத் தக்கவர்களுள் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உடையவரே என்று காரணம் சொன்னதாகத் திருமறை இயம்புகிறது (28:26). வலிமை என்பது அவ்வேலையைச் செய்வதற்குரிய ஆற்றல். நம்பகம் என்பது அமானிதத்தைக் காக்கும் பண்பு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை கெடும். நம்பகமுள்ளவனாக இருந்தும் தொழில் தெரியாதவன் கட்டும் சுவர் சாய்ந்துவிடும். தொழில் தெரிந்தும் நம்பகம் இல்லாதவன் கட்டும் சுவரில் சிமெண்டு குறைந்துவிடும். குடியிருப்பவனுக்கு இரண்டும் ஒன்றே.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. மன்னன் முன்னிலையில், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு அவர்கள் கேட்டார்கள். காக்கும் இயல்பும் அறிவும் தமக்கு இருப்பதையே அதற்குக் காரணமாகக் காட்டினார்கள் (12:55). தற்புகழ்ச்சி கூடாது என்று அஞ்சித் தமக்கு உண்மையிலேயே தெரிந்த தொழிலைக்கூட, ஏதோ சுமாராகத் தெரியும் ஐயா என்று தலை குனிந்து சொல்லும் நம் பிள்ளைகள் இங்கே பாடம் பெற வேண்டும். உள்ள திறமையை உள்ளபடி எடுத்துரைப்பது பெருமையன்று. கேட்பவருக்குச் செய்யும் உதவியாகும். இல்லாததை உண்டென்பதே குற்றம்.

தகுதி பார்த்தே பொறுப்பளிக்க வேண்டும் என்பதில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்புக்குரிய தோழர்களிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அபூதர் (ரலி) அவர்கள் தமக்கொரு பதவி வேண்டும் எனக் கேட்டபோது, அவருடைய தோளில் கை தட்டி, அவர் அப்பொறுப்புக்கு வலிமை குன்றியவர் என்பதையும், பதவி ஓர் அமானிதம் என்பதையும் எடுத்துரைத்து மறுத்துவிட்டார்கள். அபூதர் (ரலி) அவர்களின் ஈமானில் குறையேதும் இல்லை. கேட்ட பணிக்குரிய ஆற்றல் வேறு, அவ்வளவே. தேர்வில் தேறாத இளைஞன் தன்னை இழிந்தவனாக எண்ண வேண்டியதில்லை என்பதற்கும் இதுவே சான்றாகும்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்

தொண்டி, தேவிபட்டினம், பனைக்குளம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என நீளும் நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கடல் கடந்து பொருளீட்டுவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. மரக்கலம் செலுத்தியவர்களும், மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்களும் வாழ்ந்த கரை இது. கடலில் குதிப்பவனிடம் எவரும் சான்றிதழ் கேட்டதில்லை. அவன் அடக்கும் மூச்சே அவனுடைய சான்றிதழாக இருந்தது. பழக்கம் இல்லாதவனைச் சம்மாட்டி தோணியில் ஏற்றமாட்டார். ஏற்றினால் போவது ஓர் உயிர்.

அக்கடலின் கண்டிப்பை இன்று வேலை கொடுப்போர் கைக்கொண்டிருக்கின்றனர். வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுக்கும் இடங்களில், வெல்டரின் கையில் சாய்வாகப் பொருத்திய குழாயைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லி, இணைப்பினுள் குறை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். கொத்தனாரை ஒரு மூலைச்சுவர் எழுப்பச் சொல்லித் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கிறார்கள். சவூதி அரேபியா 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய திறன் சரிபார்ப்புத் திட்டம், மின்பணி, குழாய்ப்பணி, வெல்டிங் போன்ற தொழில்களுக்குச் செல்வோர் தேற வேண்டிய எழுத்துத் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் அவர்தம் சொந்த நாட்டிலேயே நடத்த வழி செய்தது. உள்நாட்டு வேலைகளும் இதற்கு விலக்கல்ல. தட்டச்சில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் அடித்தாக வேண்டும். காவலர் பணிக்கு வரும் ஆடவர் 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடியாக வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கே எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறதே!

இத்தகைய தேர்வுக்கு நாள் குறித்தாகிவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? யாசீன் ஓதப்படுகிறது, நேர்ச்சை வைக்கப்படுகிறது, தர்கா வாசலில் கையேந்தப்படுகிறது. தேர்வுக்குச் செல்லும் மகனோ மாலைப்பொழுதைக் கடைத்தெருவில் கழித்துக்கொண்டிருப்பான். கேட்டால், ரிஜ்க் இறைவன் கையில் இருக்கிறது, தவக்குல் வைத்திருக்கிறேன் என்பான். ரிஜ்க் இறைவன் கையில் இருப்பது உண்மை. ஆனால், ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பட்டுமா என்று கேட்ட மனிதரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டு அதன்பின் நம்புமாறு அண்ணலார் (ஸல்) பணித்ததையும் அவன் அறிந்திருக்க வேண்டும். கட்டாத ஒட்டகத்துக்குத் தவக்குலைக் காவல் வைப்பது தவக்குலுக்குச் செய்யும் அவமரியாதையாகும்.

தயாரிப்பின் முறை

பெருமானார் (ஸல்) அவர்கள் யூதர்களுக்கு எழுதும் கடிதங்களுக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரைத் திங்கள் கழிவதற்குள் ஸைத் (ரலி) அதனைக் கற்றுத் தேர்ந்து, கடிதங்களை எழுதவும் படித்துக்காட்டவும் ஆனார். செய்ய வேண்டிய பணி எது என்பது தெளிவாக இருந்தது; அதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, இடைவிடாமல் கற்றார். தேர்வுக்குத் தயாராகும் இளைஞனுக்கு இவ்விரண்டுமே முதற்பாடம்.

விளம்பரத்தில் கேட்டிருப்பது எந்த வேலை, அதில் எந்தக் கருவி, எவ்வளவு நேரம் என்பதை அத்தேர்வுக்குச் சென்று வந்த ஒருவரிடம் கேட்டறிய வேண்டும். அதே வேலையை, அதே கருவியைக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பலமுறை செய்து பழக வேண்டும். கூடத்தில் விசிறியின் கீழ் நன்றாகச் செய்பவனுக்கு, அறியாத இடத்தில் மூன்று பேர் நின்று பார்க்கும்போது கை நடுங்கும். ஆகவே ஊரிலுள்ள ஒரு மூத்த தொழிலாளியை அருகில் நிற்கவைத்துச் செய்து பழகுவது நல்லது. ஓட்டத்துக்கு வேண்டிய மூச்சு ஒரு வாரத்தில் வருவதன்று. சுபுஹுத் தொழுகை முடித்துக் கடற்கரையில் ஓடத் தொடங்குபவனுக்குச் சில மாதங்களில் அது வரும்.

தேர்வு நாளன்று கொடுத்த தாளை இருமுறை படித்த பின்பே கருவியைத் தொட வேண்டும். விளங்காததைக் கேட்பது இழுக்கன்று. கண்ணாடி, கையுறை முதலிய காப்புகளை அணியாமல் வேலையில் இறங்கினால், அந்த ஒன்றுக்காகவே மதிப்பெண் குறைப்பவர்களும் உண்டு. வேலை முடிந்ததும் இடத்தைத் துடைத்துக் கருவிகளை இருந்த இடத்தில் வைப்பதும் தொழிலின் ஒரு பகுதியே. ஒரு செயலைச் செய்தால் அதனைச் செம்மையாகச் செய்வதை இறைவன் விரும்புகிறான் என்ற நபிமொழி பள்ளிவாசலுக்குள் மட்டும் பொருந்துவதன்று, பட்டறைக்கும் பொருந்துவதாகும்.

கேள்வி கேட்கும்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவும் வேண்டும். மதீனத்துப் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், நெடுந்தொலைவிலிருந்து வந்து கேட்கப்பட்ட வினாக்களுள் பலவற்றுக்குத் தமக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள். அதனால் அவர்கள் புகழ் குன்றவில்லை. தெரியாது என்று ஒன்றுக்குச் சொன்னவன், தெரியும் என்று மற்றொன்றுக்குச் சொல்வதைத் தேர்வாளர் நம்புவார்.

பொய்ச் சான்றிதழ் யாரை ஏமாற்றும்?

இவ்வளவு பாடுபடுவானேன் என்று குறுக்குவழி காட்டுவோரும் இருக்கின்றனர். பட்டறையின் வாயிலை மிதித்தறியாதவனுக்கு ஐந்தாண்டு அனுபவம் உண்டென்று தாள் எழுதிக் கொடுக்கிறார்கள். தேர்வுக்கு ஆள்மாற்றி அனுப்புவதும், தேர்வாளருக்குக் கைக்கூலி கொடுத்து வெற்றி என்று எழுதிக்கொள்வதும் நடக்கின்றன. ஊரில் எல்லோரும் செய்வதுதானே, பிள்ளை பிழைத்துக்கொண்டால் போதாதா என்று பெற்றோரும் இசைகின்றனர்.

மிகப் பெரும் பாவங்களை எடுத்துரைத்துக்கொண்டிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியத்தைப் பற்றிச் சொல்ல வந்தபோது, சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து அமர்ந்து, தோழர்கள் இனி நிறுத்திக்கொள்ளமாட்டார்களா என்று எண்ணுமளவுக்கு அதனைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். செய்யாத வேலையைச் செய்ததாகக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் தாள் பொய்ச் சாட்சியமன்றி வேறென்ன? கைக்கூலி கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபியவர்கள் சபித்திருப்பதையும் நாம் அறிவோம்.

மற்றொரு நபிமொழி இங்கே மிகவும் கருதத்தக்கது. மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. இது மருத்துவத்தோடு நிற்கும் நீதியா? மின்சாரம் தெரியாத ஒருவன் மின்பணியாளனாகத் தேறிச் சென்றால், அவன் தவறாக இணைத்த கம்பியைத் தொடுபவன் வேறொருவன். அவன் பற்றவைத்த குழாய் வெடித்தால் அருகில் நிற்பவனும் ஒரு தாயின் மகனே. அவன் பிடித்துக்கொண்ட இடத்துக்குரியவனாகிய, தொழில் கற்ற ஏழை இளைஞன் ஊரில் வெறுங்கையோடு நிற்கிறான். இத்தனை பேர்க்குத் தீங்கு செய்து வந்த சம்பளத்தில் ஜகாத் கொடுத்தாலும் உம்ரா சென்றாலும் கணக்கு நேராகுமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

இராமேசுவரத்துச் சான்று

நம் கரையிலேயே பிறந்து உலகறிய உயர்ந்தவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பயின்ற அவருக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் கட்டப் பணமில்லை. தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பதென்று தம்பி உறுதி பூண்டார்.

அந்நிறுவனத்தில் விமான வடிவமைப்பு ஒன்று எதிர்பார்த்தபடி முன்னேறாததைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், ஒரு மாத அவகாசம் கேட்ட மாணவருக்கு மூன்றே நாள் அளித்தார். அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்பது நிபந்தனை. இரவு உணவையும் உறக்கத்தையும் விட்டு வரைபலகையருகே நின்று மாணவர் முடித்துக் கொடுத்தார். குறித்த காலத்தில் கைவேலையை முடிக்கும் பழக்கம் அங்கே உறுதிப்பட்டது.

1958-இல் அவர் இரு நேர்முகத் தேர்வுகளுக்குச் சென்றார். ஒன்று தில்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்ககத்தில். மற்றொன்று டேராடூனில், அவர் நெஞ்சம் நிறைந்திருந்த விமானப்படைக்கு. டேராடூனில் அறிவைக் காட்டிலும் ஆளுமையையே மிகுதியும் சோதித்தார்கள். தேர்வுக்கு வந்தவர் 25 பேர். எடுத்துக்கொண்டவர் 8 பேர். கலாம் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். வானில் பறக்கும் கனவு ஓர் இடத்தில் நழுவிற்று. மனம் உடைந்த அவர் ரிஷிகேசம் சென்று, அங்கே சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றார். பின்னர் தில்லி திரும்பி, அங்கே கிடைத்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

நான்காண்டுகள் சென்றன. பெங்களூரில் அவரும் அவர் குழுவினரும் தரைக்குச் சற்று மேலே மிதந்து செல்லும் ‘நந்தி’ என்னும் ஊர்தியை உருவாக்கியிருந்தனர். ஒருநாள் அதனைப் பார்க்க வந்த தாடி வைத்த பெரியவர் ஒருவர், அடுக்கடுக்காகக் கேள்விகள் கேட்டார். தம்மை அதில் ஏற்றிச்செல்ல முடியுமா என்றார். கலாம் அவரை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். வந்தவர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எம்.ஜி.கே. மேனன். அடுத்து வந்தது விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் ராக்கெட் பொறியாளர் பணிக்கான அழைப்பு. பம்பாயில் விக்ரம் சாராபாய், மேனன் முதலியோர் முன்னிலையில் நடந்த அந்த நேர்முகத் தேர்வுக்குத் தனியாகப் படிக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. அதற்குரிய தயாரிப்பு அதற்கு முன்பே அவர் கையில் இருந்தது. ‘நந்தி’ திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. அதனை உருவாக்கிய கை கைவிடப்படவில்லை. மத்யன் நீர்த்துறையில் மூஸா (அலை) அவர்கள் ஆடுகளுக்கு நீர் புகட்டியபோது அது தேர்வென்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை என்பதை இங்கே நினைவுகூர்வோம்.

வலிமையுள்ள முஃமின் வலிமை குன்றியவரைவிட இறைவனுக்கு விருப்பமானவர் என்றும், பயன் தருவதை நாடி முயன்று இறைவனின் உதவியைக் கேட்க வேண்டும் என்றும், முயன்றும் இழப்பு நேர்ந்தால் அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே என்று புலம்பாமல் இறைவன் விதித்தது நடந்தது என்று அமைதிகொள்ள வேண்டும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். விதியைப் பற்றிய பேச்சு முயற்சிக்குப் பின்னர் வருகிறது. ஒன்பதாம் இடம் பெற்றவருக்கே அது மருந்து. தேர்வுக்குப் படிக்காதவருக்கு அது சாக்காகிவிடும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

இவ்விடத்தில் இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்று நியாயமானது. அனுபவம் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும். முதல் அனுபவத்தை எங்கே போய்ப் பெறுவது என்கிறார்கள். பொய்ச் சான்றிதழ் விற்பவர் பிழைப்பதே இந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லாததனால்தான். இளைஞனைக் கண்டிப்பதோடு சமுதாயத்தின் கடமை முடிந்துவிடாது.

நம் ஊர் ஒவ்வொன்றிலும், பல்லாண்டுகள் கடல் கடந்து உழைத்துத் திரும்பிய சபுராளிகள் இருக்கிறார்கள். வெல்டர்கள், மின்பணியாளர்கள், ஃபோர்மேன்கள், சமையற்காரர்கள், ஓட்டுநர்கள் என அவர்களின் கைகளில் உள்ள தொழிலுக்குக் கணக்கில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மையத்துச் செய்தியும் மழைச் செய்தியும் பேசிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் அப்பெரியவர்களிடம் வாரம் இரு மாலைப்பொழுதுகளை ஜமாஅத் கேட்டுப் பெறலாகாதா? பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு கொட்டகையும், ஒரு வெல்டிங் இயந்திரமும், சில கருவிப் பெட்டிகளும், நான்கு தட்டச்சு அல்லது கணினிப் பலகைகளும் போதும், தொடங்கிவிடலாம். தேர்வில் நடப்பதை அப்படியே நடத்திக் காட்டினால், மதம் பாராமல் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் பயன்பெறுவர். பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதத் தெரிந்தவர்களிடம், பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதையே மீட்புப் பணமாக ஏற்றுக்கொண்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இது புதிய வழியன்று.

பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. நம் கரையில் நகை அடகுக்குச் செல்லாத வீடு அரிது. அந்நகை எதற்காகச் செல்கிறது என்பதே கேள்வி. இராமேசுவரத்து ஜொஹரா அடகு வைத்த வளையல் ஒரு தம்பியின் கல்வியாயிற்று. நாம் அடகு வைக்கும் வளையல், பதிவு பெறாத முகவரின் பைக்குப் போய், தொழில் தெரியாத பிள்ளையின் கையில் ஒரு விசாத் தாளாகத் திரும்பி வருகிறது. விசாவின் காலம் முடிந்துவிடும். வட்டியின் காலம் முடிவதில்லை. அதே தொகையில் ஒரு பகுதியை ஓராண்டுத் தொழிற்பயிற்சிக்குச் செலவிட்டால், அவன் எந்த நாட்டில் எந்தத் தேர்வுக்கு நின்றாலும் கை அவனோடு வரும்.

இளைஞனே! உன் தாய் முசல்லாவில் அமர்ந்து உனக்காகக் கேட்கும் துஆவை வீணாக்கிவிடாதே. கற்றுக்கொள், பழகு, உள்ளதை உள்ளபடி சொல், அதன்பின் இரண்டு ரக்அத் தொழுது இறைவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தேர்வுக்கூடத்துக்குள் செல். தேறினால் நன்றி செலுத்து. தேறாவிட்டால் அடுத்த தேர்வுக்கு அன்று மாலையே பழகத் தொடங்கு.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் கைகளுக்கு வலிமையையும், உள்ளங்களுக்கு நம்பகத்தையும், உழைப்புக்கு ஹலாலான பலனையும் தந்தருள்வானாக! ஆமீன்.